லிங்கராஜபுரத்தின் ஈரல் யார் கணக்கில்?

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது எப்படித் தெரியவரும்? வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருந்து, முதல் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் தெரியும். துபாய்க்கோ கத்தாருக்கோ வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்தால் தெரியும். அன்றோடு விசா ஆசையும் போச்சு. இரண்டும் இல்லாவிட்டால் ரத்த தான முகாம். கட்சிக்காரர்களோ, சர்ச் இளைஞர்களோ, ரசிகர் மன்றமோ பந்தல் போட்டு நடத்துவார்கள். ரத்தம் கொடுத்து, ஃப்ரூட்டி குடித்து, சான்றிதழோடு போட்டோ எடுத்துக்கொண்டு வீடு வந்தவருக்குச் சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வரும். “ஒருதரம் நேர்ல வந்துட்டுப் போங்க சார்.” ஈரலைப் பரிசோதித்துப் பார்ப்போம் என்று தானாகக் கிளம்பிப் போன ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் ஏரியாவில் இல்லை. எங்கே போவது என்றும் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பெயின்டர் இருக்கிறார். நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. அவர் பெயரை எழுதப் போவதில்லை. இந்த நோய் உள்ளவர் பெயர் தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் வீட்டுக்குள்ளேயே பார்த்தேன். தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. ஒன்றாகச் சாப்பிடுவதால் இந்த வைரஸ் பரவாது. ரத்தம் வழியாக, உடலுறவு வழியாக, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் என்பதை அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஆளில்லை.

அவருக்கும் முகாமில்தான் தெரிந்தது. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வார்த்தை கொட்டை எழுத்தில்: ‘ரியாக்டிவ்’, அதாவது வைரஸின் அடையாளம் இருக்கிறது. ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். “காமாலைக் கிருமிண்ணா, கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடிங்க, பத்தியமா இருங்க” என்று பதில் வந்தது. குடித்தார். கண் மஞ்சளாகவில்லை, வயிறு வலிக்கவில்லை, வேலைக்குத் தவறாமல் ஏணி ஏறினார். குணமாகிவிட்டது என்றே நினைத்தார். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி அப்படித்தான் இருக்கும். இருபது முப்பது வருஷம் ஒரு சத்தமும் போடாது. பிறகு சிலருக்கு ஈரல் சுருங்கியோ புற்றுநோய் வந்தோ ஒருநாள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு நிற்கும்.

பிறகு ஒருநாள் காய்ச்சலுக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது பழைய ரிப்போர்ட்டையும் காட்டியிருக்கிறார். அங்கே புது மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆய்வு நடப்பதாகவும், டெஸ்ட் எல்லாம் இலவசம், போக்குவரத்துச் செலவும் தருவார்கள் என்றும் சொன்னார்கள். ஸ்டேப்ளர் முள் ஏறாத கனத்தில் ஒரு கட்டுத் தாள். ஆங்கிலத்தில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. இவர் கன்னடம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். “தமிழ் காப்பி அடுத்த தடவை தர்றோம்ணா, இப்ப இங்க ஒரு சைன் போடுங்க.” போட்டார். சிரிஞ்சு சிரிஞ்சாக ரத்தம் எடுத்தார்கள், ஈரலை ஸ்கேன் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு போன்: நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை, நன்றி.

என் புகார் இந்த ‘நன்றி’யோடு தொடங்குகிறது. எடுத்த ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருந்தது? ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா? அவருக்கு யாரும் தாளில் தரவில்லை. பொருந்தாதவர் அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி சொல்லவில்லை. காசு கொடுத்து வெளியே செய்வதென்றால் வைரல் லோடு ஒன்றுக்கே அவருடைய பல நாள் கூலி போய்விடும். அந்த விலையுயர்ந்த தகவல் அவர் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டு, யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் ‘நிராகரிக்கப்பட்டவர்’ என்ற வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. போன் வந்ததும் அவர் திரும்பக் கீழாநெல்லிக்குப் போனார்.

கீழாநெல்லியைக் கேலி செய்ய நான் வரவில்லை. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு மருந்து சோதிக்கும் கதை தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. உலகமே திரும்பிப் பார்த்த ஒரு சோதனை சென்னையில் இந்தச் செடியை வைத்துத்தான் நடந்தது. சென்னையின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும் வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடியைக் கேப்ஸ்யூலாகக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத கேப்ஸ்யூல். முடிவுகள் 1988-ல் ‘லான்செட்’ இதழில் வந்தன. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. மற்றக் குழுவின் 23 பேரில் ஒருவருக்கு மட்டும். கட்டுரையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பாரூக் பிளம்பர்க். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் இன்று உலக ஹெபடைட்டிஸ் தினமாக வைத்திருக்கிறோம்.

பாட்டி வைத்தியம் ஜெயித்தது என்று நாம் கைதட்டிய இடத்தில் கதை நின்றுவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு அடுத்த அத்தியாயம் வந்து சேரவே இல்லை. தாய்லாந்தில் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் அதே ‘லான்செட்’டில் பலிக்கவில்லை என்று எழுதினார்கள். வேறு நாடுகளிலும் சென்னையில் கிடைத்த அந்த 59 சதவீதம் திரும்பக் கிடைக்கவில்லை. 2011-ல் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று முடித்தது. சென்னை ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையிலேயே இது ஆரம்பகட்ட ஆய்வு, மேலும் சோதிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். அறிவியல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. முடிவை மக்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை எந்த அரசும் எந்த மருத்துவமனையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1988-ல் பாதியோடு கேட்ட செய்தியை வைத்துக்கொண்டு எங்கள் மெடிக்கல் ஷாப் இன்றும் வைத்தியம் சொல்கிறது.

சோதனை என்றாலே சிலர் பயப்படுகிறார்கள், “எலி மாதிரி ஆக்கிடுவாங்க” என்று. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1993-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபியாலுரிடின் என்ற மருந்தை நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள 15 பேருக்குக் கொடுத்தார்கள். முதல் வாரங்களில் வைரஸ் மளமளவென்று இறங்கியது. எல்லோரும் மகிழ்ந்திருந்த நேரத்தில் ஒருவருக்கு ஈரல் செயலிழந்தது. மருந்தை உடனே நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். 7 பேருக்கு ஈரல் பழுது கடுமையானது, 5 பேர் இறந்தார்கள், 2 பேர் மாற்று ஈரல் பொருத்திப் பிழைத்தார்கள். செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அந்த மருந்து மெல்ல மெல்லக் கெடுத்திருந்தது. உலகின் மிகப் பெரிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில், நல்ல டாக்டர்கள் கையில் நடந்தது இது. அதனால்தான் சோதனையில் சேருபவரை மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்கிறார்கள். போன் நம்பர் மாறினால் ஆளைத் தொலைத்துவிடுகிற ஊரில் அது எப்படி நடக்கும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சோதனைக்கு ஆட்கள் முன்வந்ததால்தான் ஹெபடைட்டிஸ் சி இன்று 12 வாரத்தில் மாத்திரையால் குணமாகிறது. நூற்றில் 95 பேருக்கு மேல். சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், முழு சிகிச்சை 84,000 டாலர். 2014 செப்டம்பரில் கிலியட் கம்பெனி இந்தியாவின் 7 மருந்துக் கம்பெனிகளுக்கு அதைத் தயாரிக்க உரிமம் கொடுத்தது. அவற்றில் ஒன்று நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ட்ரைட்ஸ். மலேசியா இன்னும் ஒரு படி மேலே போனது: பணக்காரக் கம்பெனிகளுக்குக் காத்திராமல், லாப நோக்கமற்ற டிஎன்டிஐ அமைப்போடும் எகிப்து கம்பெனி ஒன்றோடும் சேர்ந்து ராவிடாஸ்விர் என்ற மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேரிடம் சோதித்தது. 97 சதவீதம் குணம். 2021-ல் மலேசியா அதற்கு அனுமதி கொடுத்தது. யாருக்காகச் சோதிக்கிறோம், முடிந்த பிறகு யாருக்குக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துச் செய்த ஆய்வு அது.

ஹெபடைட்டிஸ் பி அவ்வளவு எளிதில் மசியவில்லை. அந்த வைரஸ் தன் மரபுச் சரட்டை ஈரல் செல்லின் கருவுக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடுகிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் அதைப் பெருகவிடாமல் அடக்கும், வேரோடு பிடுங்காது. பிடுங்கும் மருந்துக்காகத்தான் உலகம் முழுக்க இப்போது சோதனைகள் நடக்கின்றன. பெபிரோவிர்சென் என்ற வாராந்திர ஊசியை 457 பேரிடம் 24 வாரம் சோதித்த முடிவு 2022-ல் வெளிவந்தது. மருந்து நிறுத்தி ஆறு மாதம் கழித்தும் வைரஸ் அடையாளம் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் திரும்பவில்லை. பத்தில் ஒன்று குறைவு என்று தோன்றலாம். இத்தனை காலம் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். இப்படிப்பட்ட ஆய்வுகள் நம் ஊருக்கும் வரட்டும், வர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைட்டிஸ் பி, 55 லட்சம் பேருக்கு சி. இவ்வளவு பேர் இருக்கும் நாட்டை விட்டுவிட்டு வேறெங்கே சோதிப்பது?

ஆனால் வரிசை ஒன்று இருக்கிறது. அடக்கி வைக்கும் மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது, விலையும் மலிவு. உலகச் சந்தையில் டெனோஃபோவிர் மாதத்துக்கு 2.4 டாலருக்குக் கிடைக்கிறது என்று அதே அறிக்கை சொல்கிறது. இருநூறு ரூபாய்ச் சமாச்சாரம். அதையும் நாம் வாங்கத் தேவையில்லை. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ரத்த வங்கியிலிருந்து போன் வந்த அன்றே பெயின்டருக்கு இந்தத் திட்டத்தின் பெயர் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ரத்த வங்கி சொல்லவில்லை, மெடிக்கல் ஷாப் சொல்லவில்லை, ரத்தம் எடுத்த ஆய்வுக் குழுவும் சொல்லவில்லை. இன்று அவர் ஓர் அரசு மருத்துவமனையில் தினம் ஒரு டெனோஃபோவிர் என்று வாங்கிச் சாப்பிடுகிறார், காசில்லாமல். முதல் போனுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே ஒன்றரை வருஷம் போயிருந்தது. அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் மனைவிக்குப் பரிசோதனையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாள் தர வேண்டும். கையெழுத்தான ஒப்புதல் படிவத்தின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும். கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் ஆய்வு நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் வந்த பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. ஆய்வுத் திட்டப்படி தர வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் வெற்று மருந்தைக் கொடுத்து ஆள் கெட்டுப்போனால் அதற்கும் நஷ்டஈடு என்று அந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவர் இருக்க வேண்டும். பாதி உறுப்பினர்களாவது அந்த மருத்துவமனைக்கு வெளியே இருந்து வர வேண்டும். 2009 முதல் எல்லா ஆய்வுகளும் மத்திய அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதும் கட்டாயம். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், ஆங்கிலம் தெரிந்தால்.

காகிதத்தில் சரியாக இருப்பது கையில் எப்படி ஆகிறது என்பதற்கு இந்த நகரமே சாட்சி. 2016-ல் பெங்களூரின் செம்லர் ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வுகளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மொத்தமாக ஏற்க மறுத்தது. பங்கேற்றவர்களின் ரத்த மாதிரிகளே மாற்றப்பட்டிருந்தன என்பது அதன் கண்டுபிடிப்பு. உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை விட்டது, ஐரோப்பிய மருந்து முகமை சம்பந்தப்பட்ட மருந்துகளை நிறுத்தச் சொன்னது. அது ஹெபடைட்டிஸ் சோதனை இல்லை. ஒரு மருந்தின் நகல் அசலுக்குச் சமமா என்று ஆரோக்கியமானவர்களின் உடம்பில் பார்க்கும் சோதனை. என்றாலும் கண்டுபிடித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கவனியுங்கள். தவறு நடந்த ஊரின் கண்காணிப்பு அன்று எங்கே இருந்தது?

கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒவ்வோர் ஆய்வுக்கும் அனுமதி கொடுக்கும்போதே நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை எழுதட்டும்: பரிசோதித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளாத ஒவ்வொருவருக்கும் அவருடைய ரிப்போர்ட்டுகளைத் தாளில் கொடுத்து, தேசியத் திட்டத்தின் சிகிச்சை மையத்துக்குப் பெயர் எழுதிய சீட்டோடு அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு இதனால் ஆகும் செலவு ஒரு பிரின்ட் அவுட். கர்நாடக சுகாதாரத் துறையும் மாநிலத்தில் நடக்கும் ஹெபடைட்டிஸ் ஆய்வுகளின் பட்டியலை, எந்த மருத்துவமனை, என்ன மருந்து, எத்தனையாம் கட்டம், புகார் சொல்ல யார் என்ற விவரத்தோடு, கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் வெளியிட வேண்டும். கன்னடத்துக்கு எதிராக இதைக் கேட்கவில்லை. கன்னடம் மாநிலத்தின் மொழி, முதலிடம் அதற்குத்தான். தன் உடம்பில் ஊசி போட ஒப்புதல் தருகிற ஆள் தனக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும் என்பது 2019 விதியே கேட்பதுதான்.

நெறிமுறைக் குழுவின் அந்தப் பொதுமனிதர் நாற்காலி இருக்கிறதே, அதில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் நகரத்து மருத்துவமனைகள் வெளியே சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர்களை நான் மதிக்கிறேன். ஆனால் லிங்கராஜபுரம், கரியன்பாளையம் மாதிரி ஏரியாவிலிருந்து ஓர் அங்கன்வாடி டீச்சரோ ஆஷா பணியாளரோ அந்த நாற்காலியில் இருந்தால், “பஸ் காசை மாசக் கடைசியில குடுத்தா அவர் எப்படி வருவாரு?” என்று முதல் கூட்டத்திலேயே கேட்டிருப்பார்.

அடுத்தது நம் வார்டு. மாநகராட்சி பலகை மாறி கிரேட்டர் பெங்களூரு ஆணையம் என்று வந்துவிட்டது. வார்டுக்கு ஒன்று என்று திறந்த ‘நம்ம கிளினிக்’குகள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாளை ஈரலுக்கென்று ஒதுக்குங்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிஷத்தில் முடிவு. ரியாக்டிவ் வந்தவரைத் திட்ட மையத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேர்ந்தாரா என்று அடுத்த வாரம் போன் செய்ய ஒரு நர்ஸ். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரிசோதனை, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி. குழந்தைகளுக்கு 2011 முதல் நாடு முழுவதும் அரசே இந்தத் தடுப்பூசியைப் போடுகிறது. அதற்கு முன் பிறந்த பெரியவர்கள்தான் விடுபட்டவர்கள். ரத்த வங்கிகளும் முகாம் நடத்தும் மன்றங்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். ‘நேரில் வாருங்கள்’ என்று போன் பண்ணுவதோடு நிற்காமல், வந்தவரை உட்கார வைத்துப் பேசி, மையத்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். தலைவர் பிறந்தநாளுக்கு எத்தனை யூனிட் சேர்த்தோம் என்று பேனர் அடிப்பவர்கள், அதில் எத்தனை பேரைச் சிகிச்சைக்கு அனுப்பினோம் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

ஜூலை 28 வந்தால் சிவாஜிநகரிலிருந்து ஹெப்பால் வரை மருத்துவமனை வாசல்களில் பச்சை ரிப்பன் கட்டுவார்கள். இந்த வருஷம் அதற்குள் ஒரு கிளினிக்கிலாவது தமிழில் ஒரு பலகை வந்தால் போதும், மீதியை நாங்கள் தொடர்ந்து கேட்போம்.

அதுவரை ரியாக்டிவ் என்று வந்தவர்கள் செய்ய வேண்டியது: அரசு மருத்துவமனைக்குப் போய், தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் பதிய வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போங்கள். டெனோஃபோவிர் ஆரம்பித்திருந்தால், யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வைரஸ் எகிறி ஈரலைத் தாக்கும். புது மருந்து ஆய்வுக்குக் கூப்பிட்டால் போகலாம், தப்பில்லை. விளக்கத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்று மருந்து விழுந்தால் என் பழைய மாத்திரை தொடருமா, நடுவில் விலகினால் என்ன, ஆய்வு முடிந்தபின் மருந்து எனக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். உங்கள் கையெழுத்து உள்ள பிரதியையும் உங்கள் ரத்த ரிப்போர்ட்டையும் வாங்காமல் அந்த அறையை விட்டு எழுந்து வராதீர்கள்.